கூர்க்கன் வேரும் புதினாத் தைலமும்: செடியினின்று சத்தைப் பிரிக்கும் முறைகள்

கள்ளக்குறிச்சியினின்றும் மேற்கே கச்சிராயபாளையம் வழியாகச் சென்று, கோமுகி அணையைக் கண்டு, அப்பால் வளைந்து வளைந்து மேலேறும் சாலையிற் போவோமாயின், கல்வராயன் மலைமீது கரியாலூர் என்னும் சிற்றூரை அடைவோம். மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் காண வருவோர் பலர் இப்பகுதிக்கு வருவதுண்டு. யாம் சென்றது அருவி காண்பதற்கன்று. புதினாவின் இனத்தைச் சேர்ந்த செடிகள் அம்மலையிலும் அடிவாரத்திலும் எங்ஙனம் வழங்குகின்றன, அவற்றின் சத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள் எவை, அம்முறைகளாற் செடியை வளர்ப்போர்க்கு யாது பயன் என்பவற்றை நேரிற் கண்டறிய விரும்பித் தாவரநூல் மாணாக்கர் சிலரும் ரசாயன மாணாக்கர் சிலருமாகச் சென்றோம். அருவியையும் கண்டோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

சென்ற அன்று மாலையே எம்முள் ஒருவருக்குத் தலைப்பாரமும் நீர்க்கோவையும் கண்டன. யாம் தங்கியிருந்த மனைக்கு அடுத்த வீட்டு மூதாட்டியார், ஒருவரும் கேளாமலே, நொச்சித் தழை ஒரு கைப்பிடியும் கற்பூரவல்லி இலை சிலவும் பறித்துவந்து, மண்பானையில் நீருடன் இட்டு, வாயை மூடிக் கொதிக்கவைத்தார். பின்பு நண்பரை அதன்முன் இருத்திக் கம்பளியாற் போர்த்து, “தம்பி, ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள், ஆவி வெளியே போனால் மருந்தும் போய்விடும்,” என்றார். வேது பிடித்தல் என்னும் இவ்வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உள்ளதே. ஆயினும் ரசாயன நூல்கள் நீராவியால் வடித்தல் என்று பல பக்கங்களில் விரித்துரைக்கும் பொருள் அம்மூதாட்டியாரின் ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கக் கண்டோம். பானையே கொதிகலம், தழையே சரக்கு, ஆவியைக் குளிர்விக்கும் குழாய் ஒன்றே குறை. அக்குழாயின் வேலையை நண்பரின் மூக்குச் செய்தது.

நிற்க, இச்செடிகளின் குடும்பத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். புதினா, துளசி, திருநீற்றுப்பச்சிலை, தும்பை, பேய்மிரட்டி, கற்பூரவல்லி, மரு என்பன யாவும் ஒரே குடும்பத்தின. பூவிதழ் மேலுதடும் கீழுதடும் போலப் பிரிந்திருத்தலின் உதட்டுப்பூக் குடும்பம் எனலாம். தண்டு பெரும்பாலும் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக அமையும். உலகெங்கும் ஏறக்குறைய 7,000 இனங்கள் இக்குடும்பத்தில் எண்ணப்படுகின்றன. முன்னாளில் வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த நொச்சியையும் தேக்கையும் இக்காலத் தாவரநூலார் இதனுள்ளேயே சேர்த்துள்ளனர். துவையலுக்கு அரைக்கும் புதினாவும் தூலத்திற்கு அறுக்கும் தேக்கும் உறவினர் என்பதைக் கேட்டு எம் நண்பர் ஒருவர் நெடுநேரம் நகைத்தார்.

ஒரு செடியினின்று ஒரு சத்தைப் பிரிக்க விரும்புவோன் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. அச்சத்து செடியின் எவ்வுறுப்பில் எவ்வகை அறையில் உள்ளது? சூட்டில் ஆவியாக எழுமா, எழாதா? நீரிற் கரையுமா, சாராயத்திற் கரையுமா, எண்ணெய்ப் பசையுள்ள கரைப்பானிற் கரையுமா? இம்மூன்றற்கும் விடை கண்டாலன்றி, எத்துணை விலையுயர்ந்த இயந்திரம் இருப்பினும் பயனில்லை. புதினாவின் இனத்தில் இம்மூன்று வினாக்களுக்கும் வெவ்வேறு விடை தரும் சத்துக்கள் உள்ளமையின், பாடம் கற்பதற்கு இக்குடும்பத்திற் சிறந்தது வேறில்லை என்று எமக்குத் தோன்றுகின்றது.

முதலாவது வாசனைத் தைலம். புதினா இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கின், அதன் மேற்றோலிற் பனித்துளி போன்ற சிறு சுரப்பிகள் தெரியும். தைலம் அவற்றினுள் உள்ளது. ஆகையால் இலையை விரலாற் கசக்கிய அளவிலே மணம் வீசுகின்றது. மருந்துக் கடைகளில் விற்கும் மெந்தால் என்னும் பொருள் தனியே கொதிக்க 212 பாகை சூடு வேண்டும். அத்துணைச் சூட்டில் தைலம் கெட்டுவிடும். ஆனால் நீரும் தைலமும் ஒன்றோடொன்று கலவாதவை. கலவாத இரண்டு திரவங்கள் ஒரு கலத்திற் கொதிக்கும்போது இரண்டின் ஆவியழுத்தமும் கூடிக் காற்றழுத்தத்திற்குச் சமமாகின்றது. அதனால் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து எழுகின்றன. அவ்வாவியைக் குளிர்வித்தால் நீர் கீழும் தைலம் மேலுமாகப் பிரிந்து நிற்கும். நம் சித்த மருத்துவர் வாலையில் இட்டுத் தீநீர் இறக்குவதும் இம்முறையே. ஓமத்தண்ணீர் அறியாத தமிழ் வீடு ஏது? கல்லூரிச் சோதனைச்சாலைகளிற் காணப்படும் கிளெவெஞ்சர் கண்ணாடிக் கருவி 1928-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது; தைலத்தை அளந்து காட்டுவதும், கீழே தங்கும் நீரை மீண்டும் கொதிகலத்திற்கே அனுப்புவதும் அதன் சிறப்பு.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குவாம். நம் சமையலிற் பெரிதும் வழங்கும் புதினாவின் மணம் மெந்தாலினால் உண்டாவதன்று. கார்வோன் என்னும் வேறு பொருளால் உண்டாவது. மெந்தால் எடுப்பதற்கு உத்தரப் பிரதேசத்தில், சிறப்பாகப் பாராபங்கிப் பகுதியில், ஜப்பான் புதினா எனப்படும் வேறொரு வகையைப் பயிரிடுகின்றனர். அதற்கேற்ற நல்வகைகளைத் தெரிந்து பரப்பியது லக்னோவில் உள்ள மருந்து மணச்செடி ஆராய்ச்சி நிலையமாகும். அவ்வூர்களில் வயலோரத்திலேயே இரும்புக் கொதிகலம் நிறுவி, அறுத்த தழையை அங்கேயே வடித்துத் தைலமாக விற்கின்றனர். தழையாக விற்பதற்கும் தைலமாக விற்பதற்கும் உள்ள வேற்றுமையை உழவர் நன்கு அறிவர். தைலத்தைக் குளிர்வித்தால் மெந்தால் படிகமாக உறையும்; அப்படிகம் 42 பாகை அளவில் உருகும். நாவிற் பட்டவுடன் குளிர்வது எங்ஙனம் எனின், அது சூட்டைக் குறைப்பதில்லை. குளிரை உணர்த்தும் நரம்பின் வாயிலைத் தானே திறந்துவிடுகின்றது. அவ்வாயிலை 2002-ஆம் ஆண்டில் கண்டறிந்த ஆராய்ச்சியாளர் இருவர் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்போர். தொடுதலும் சூடும் உணரப்படும் வகையை விளக்கியமைக்காக 2021-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாவது வகை, ஆவியாகாது நீரிலும் சாராயத்திலும் கரையும் சத்து. ரோஸ்மரினிக் அமிலம் அத்தகையது; துளசி, கற்பூரவல்லி முதலியவற்றில் உள்ளது. பெயர்க் காரணமாகிய ரோஸ்மரிச் செடியினின்று 1958-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் இதனைப் பிரித்தனர். இதற்குக் குடிநீர் காய்ச்சும் முறையே போதும். சிறிது எதனால் சேர்த்தால் இன்னும் நன்று. இதனை இவ்வளவில் நிறுத்துவாம்.

மூன்றாவது வகையே எம்மை மலைக்கு அழைத்தது. மருந்துக் கூர்க்கன் என்பது அதன் பெயர். திருநெல்வேலிப் பக்கத்தார் தை மாதத்திற் சமைத்துண்ணும் சிறுகிழங்கு இதற்கு உறவே. ஆயினும் இது அதுவன்று. வேர் பருத்து, கேரட்டு போல நீண்டு, கசகசவென்று மணம் வீசும். குஜராத்தில் இவ்வேரை ஊறுகாய் போடுவர். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் இது மருந்துக் கம்பெனிகளின் ஒப்பந்தத்தின்பேரில் பயிராகின்றது. நுனித் தண்டை நான்கு விரற்கடை அளவு வெட்டி நட்டால் ஐந்து ஆறு மாதத்தில் அகழலாம். எக்டேருக்குப் பச்சையாக 15 முதல் 20 டன் கிடைக்கும். காய்ந்தபின் அது 2 டன் அளவிற் சுருங்கும். நூற்புழுவும் வேரழுகலும் இதன் பெரும் பகைகள்.

இவ்வேரிலுள்ள சத்தை 1970-களில் நம் நாட்டில் இரு சாரார் தனித்தனியே கண்டறிந்தனர். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக் கோலியோனால் என்றனர். பம்பாயில் இருந்த ஹோக்ஸ்ட் ஆராய்ச்சிச்சாலையார் போர்ஸ்கோலின் என்றனர். அணுக்களின் அமைப்பில் ஒரு சிறு வேற்றுமை உண்டென முதலிற் கருதப்பட்டது; பின்னர் இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தது. பம்பாயார் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. லின்னேயஸின் மாணாக்கரும், அரேபியாவிற் செடி தேடச் சென்று 1763-ஆம் ஆண்டில் ஏமன் நாட்டிற் காய்ச்சலால் இறந்தவருமாகிய பீட்டர் போர்ஸ்கால் என்பாரின் பெயரைச் செடி தாங்கியிருந்தது. செடியின் பெயரைச் சத்தும் தாங்கிற்று. ஒரு மூலக்கூற்றிற் கரியணு 22, ஹைட்ரஜன் 34, பிராணவாயு 7. உயிரணுவினுள் செய்தி கொண்டுசெல்லும் ஒரு பொருளை உண்டாக்கும் நொதியை இது நேரே தூண்டுகின்றது என்று 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சீமன், டேலி முதலியோர் வெளியிட்டனர். அதுமுதல் உலகின் சோதனைச்சாலைகள் பலவற்றில் இது ஓர் இன்றியமையாத பொருளாயிற்று. நீரிற் கரையுமாறு சிறிது மாற்றியமைக்கப்பட்ட இதன் வழிப்பொருள் ஒன்று ஜப்பானில் இதயத் தளர்ச்சிக்கு மருந்தாயிற்று. உடல் மெலிவதற்கென்று கடைகளிற் குளிகையாக விற்பதும் உண்டு. அதற்குப் போதிய சான்று இல்லை. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் ஆற்றல் இதற்கு உண்டாகையால், வேறு மருந்து உண்போர் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

காய்ந்த வேரில் போர்ஸ்கோலின் நூற்றுக்கு 0.1 முதல் 0.5 வரையே உள்ளது. கணக்குப் பார்ப்போம். 0.3 என்று கொள்ளின், ஓர் எக்டேரின் 2 டன் காய்ந்த வேரில் 6 கிலோ சத்து. 0.25 ஆகக் குறையின் 5 கிலோ. எடை குறையவில்லை, மூட்டைகளின் எண்ணிக்கை குறையவில்லை, உள்ளிருந்த பொருளில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. இப்போக்கு பெரும்பாலும் நேர்வது களத்திற் காயவைக்கும்போதே. கிழங்கை அரை செண்டிமீட்டர் கனத்தில் சீவி, 40 பாகைச் சூட்டில் உலர்த்தி, உள்ளே பாலிதீன் வைத்த சாக்கில் அடைத்தல் வெயிலிற் காயவைப்பதினும் சத்தை நன்கு காக்கும் என்று சோதித்துக் கண்டுள்ளனர். ஆகவே சத்தைப் பிரிக்கும் தொழில் தொழிற்சாலை வாயிலில் தொடங்குவதன்று. உழவரின் களத்திலேயே தொடங்குகின்றது என்பது எம் கருத்து.

இதனை யாம் படித்து மட்டும் அறியவில்லை, கெட்டும் அறிந்தோம். அடிவாரத்துப் புஞ்சை ஒன்றில் அகழ்ந்த பச்சைக் கிழங்கைப் பத்துக் கிலோ வாங்கி, ஈரம் போகாதபடி பாலிதீன் பையில் இறுகக் கட்டி, மலைமேற் கொண்டுபோய் நான்கு நாள் வைத்திருந்து கல்லூரிக்குத் திரும்பினோம். பையை அவிழ்த்தபோது எழுந்த நாற்றத்தை எழுத்தில் அமைக்க இயலாது. கிழங்கின்மேற் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எம் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சன்னல்களைத் திறக்கும்படி மட்டும் கூறினார். பின்பு அப்புஞ்சைக்கு உரியவரே சீவிக் காயவைத்திருந்த வற்றலில் இரண்டு கிலோ அனுப்பி உதவினார்.

போர்ஸ்கோலின் வேரின் புறத்தோலாகிய தக்கை அணுக்களில், எண்ணெய்த் துளிகளுக்குள் தங்கியுள்ளது. ஆவியாக எழாது, நீரில் மிக அரிதாகவே கரையும். ஆகவே வேதுபானை இதற்கு உதவாது; கரைப்பான் வேண்டும். வற்றலை இடித்துத் தூளாக்கி எதனாலில் ஊறவைப்பது பழைய முறை. ஊறவைத்து ஒருமுறை வடித்தால் போதாதோ எனின், நம் அடுக்களையை நோக்குக. தேங்காயை ஒரே முறை பெருநீர் விட்டுப் பிழிவார் உண்டோ? முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று சிறிது சிறிதாக அன்றோ எடுப்பர்? இதற்குக் கணக்கும் உண்டு. இரு திரவங்களில் ஒரு சத்துச் சமமாகப் பரவும் என்று கொள்வோம். ஒரு படிக் கரைசலை ஒரு படிக் கரைப்பானால் ஒரே முறை கழுவினால் பாதி வந்துவிடும், பாதி தங்கும். அதே ஒரு படியை நான்கு கால்படியாகப் பிரித்து நான்கு முறை கழுவினால், ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு தங்கி, முடிவில் 625-இல் 256 பங்கே தங்கும். அஃதாவது நூற்றுக்கு 41. கரைப்பான் ஒரு துளியும் கூடவில்லை. கிடைத்ததோ 50-க்குப் பதிலாக 59.

இக்கழுவுதலைத் தானே ஓயாது செய்யும் கருவியை ஜெர்மனி தேயத்து வேளாண் ரசாயனர் பிரான்ஸ் பான் சாக்ஸ்லெட் 1879-ஆம் ஆண்டில் அமைத்தார். பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்கு அவர் செய்த கருவி அது. கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே சென்று குளிர்ந்து துளித்துளியாகத் தூளின்மேல் விழும். அறை நிரம்பியதும் வளைகுழாய் வழியே முழுதும் ஒருங்கே இழிந்து குடுவையை அடையும். சத்துக் குடுவையில் தங்கத் தூய ஆவி மீண்டும் எழும். யாம் ஆறு மணி நேரம் அதன்முன் அமர்ந்து, ஒவ்வொரு முறை வளைகுழாய் இழியும்போதும் சிறு குழந்தைகள் போல மகிழ்ந்தோம். முடிவிற் கிடைத்தது கருஞ்செம்பழுப்பான, பாகு போன்ற ஒரு பசை. அதிற் போர்ஸ்கோலின் மட்டுமன்று, பிசினும் நிறமும் வேறு பலவும் உண்டு.

இம்முறையின் குறைகள் நேரமும், சூடும், கரைப்பானின் மிகுதியும். புதுமுறைகள் இம்மூன்றையுமே குறைக்க முயல்கின்றன. ஒலியலை முறையில், காதுக்குக் கேளாத, வினாடிக்கு 20,000-க்கு மேற்பட்ட அதிர்வுகளைக் கரைப்பானுட் செலுத்துவர். நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி வெடிக்கும்; அவ்வெடிப்பில் அணுவின் சுவர் உடைந்து சத்து வெளிப்படும். மணிக்கணக்கு நிமிடக்கணக்காகின்றது. மைக்ரோவேவ் முறையில் இலையின் உள்ளிருக்கும் நீரே சூடாகிப் பொங்கிச் சுவரைக் கிழிக்கின்றது. அடுக்களைகளில் உணவைச் சூடாக்கும் பெட்டியும் இதே அலையினால் இயங்குவதே. புதினா போன்ற பச்சையிலைக்கு இது மிகப் பொருந்தும். வெளியிலிருந்து நீர் சேர்க்காமலே தைலம் வடிப்பதுண்டு.

மூன்றாவது புதுமுறை எல்லாவற்றினும் வியப்பிற்குரியது. நாம் மூச்சாக வெளிவிடும் கரியமில வாயுவை 31 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்கிற்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் அன்று திரவமும் அன்று என்னும் ஒரு நிலையை எய்துகின்றது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பார் 1869-ஆம் ஆண்டில் இவ்வெல்லையைத் தெளிவுற வரையறுத்தார். அந்நிலையில் அது வாயுவைப்போல நுண்துளை எங்கும் புகும், திரவத்தைப்போலக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் பழையபடி வாயுவாகிப் பறந்துவிடும். சத்து மட்டும் கலத்தில் தங்கும். காப்பிக்கொட்டையினின்று காபீனை நீக்க இம்முறையை ஜெர்மனியிற் கூர்ட் சோசல் என்பார் வகுத்தார். கூர்க்கன் வேருக்கும் இது ஏற்றதே; சிறிதளவு எதனாலும் உடன் செலுத்துவதுண்டு. நஞ்சு எச்சமின்மை இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலங்களின் விலையை எண்ணினால், சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கம் எதுவும் எளிதில் அணுகத் தக்கதன்று. வயலோரக் கொதிகலம் புதினா உழவருக்குத் தந்த வாய்ப்பை இந்த இயந்திரம் கூர்க்கன் உழவருக்குத் தரப்போவதில்லை என்றே அஞ்சுகின்றோம்.

நஞ்சு எச்சம் என்றோம். கள்ளக்குறிச்சியைப் பற்றி எழுதும்போது இதனை விரைந்து கடத்தல் முறையன்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிப்போர், மெதனாலிற் சத்தெடுத்தோம் என்னும் வாக்கியத்தைப் பக்கந்தோறும் காண்பர். மெதனால் மலிவு; நன்றாகக் கரைக்கும்; 65 பாகையிற் கொதித்து எளிதில் நீங்கும். அதே மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அண்டைப் பகுதிகளிலும் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடலினுள் அது பார்மால்டிஹைடாகவும் பின்பு பார்மிக் அமிலமாகவும் மாறும். முதலிற் கண்ணைக் கெடுக்கும், பின் உயிரைக் கொள்ளும். சாராயச் செய்தி வந்தவுடனெல்லாம் மலைவாழ் மக்களையே நோக்கி விரல் நீட்டும் வழக்கம் ஒன்று சமவெளியாருக்கு உண்டு. அன்று மக்களைக் கொன்றதோ மலையிற் காய்ச்சிய எதுவும் அன்று. தொழிற்சாலைகளில் வழங்கும் கரைப்பான். மருந்துகளில் தங்கக்கூடிய கரைப்பானின் எச்சத்திற்கு உலக நாடுகள் ஒப்பிய வரம்பு உண்டு: பத்து லட்சம் பங்கில் மெதனால் 3,000, டொலுயீன் 890, ஹெக்ஸேன் 290. கூர்க்கன் சத்தைத் தூய்மையாக்கப் பின்னிரண்டும் வழங்குவதுண்டு. எம் சோதனைக்கு எதனாலையே கொண்டோம். அதற்குக் காரணம் சிக்கனமன்று. எம்முடன் பயிலும் ஒருவர் அவ்வூரினர்.

இனிப் புஞ்சைக்கு உரியவர் கூறியதைக் கேட்போம். “ஐயா, வாங்க வருகிறவர் ஒரு துண்டை ஒடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், மூட்டையில் கொஞ்சம் எடுத்துப் போவார். பத்து நாள் கழித்துச் சத்துக் குறைவு என்பார். இருக்கலாம். அவர் கையில் சோதனைச்சாலை இருக்கிறது, எங்கள் கையில் தராசுதான் இருக்கிறது,” என்றார் அவர். வாங்குவோர் பொய் கூறினர் என்று யாம் சொல்ல வரவில்லை, அதற்குச் சான்றில்லை. விற்பவன் அளக்க இயலாத ஒன்றுக்கு வாங்குபவன் விலை வைக்கின்றான் என்பதே குறை. காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையினின்று கேரளத்துத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய மருந்தின் உரிமை 1995-ஆம் ஆண்டில் விற்கப்பட்டபோது, கிடைத்த தொகையிற் பாதி அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. கூர்க்கனுக்கு அத்தகைய ஏற்பாடு எதனையும் யாம் சென்ற இடத்திற் கேள்விப்படவில்லை.

வேறோர் அச்சமும் உண்டு. கூர்க்கன் செடி போர்ஸ்கோலினை ஆக்கும் படிகள் அனைத்தையும் கண்டு, அவற்றை ஆளும் மரபணுக்களை ரொட்டி ஈஸ்டில் அமைத்து, ஈஸ்டே அச்சத்தை உண்டாக்கும்படி டென்மார்க் ஆராய்ச்சியாளர் 2017-ஆம் ஆண்டிற் செய்து காட்டினர். இதனை மாணாக்கராகிய நாம் வியந்து படிக்கின்றோம். ஆனால் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தார் ஒன்றை நினைவுகூரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மாவட்டம் முழுவதும் அவுரி பெருகப் பயிராயிற்று. நீலத்தொட்டிகள் ஊர்தோறும் இருந்தன. ஜெர்மனியிற் செயற்கை நீலம் 1897-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அவ்வாணிகம் வீழ்ந்தது. ஈஸ்டிற் பெறும் போர்ஸ்கோலின் வேரிற் பெறுவதினும் மலிவாகுமா என்பது இன்னும் முடிவான செய்தியன்று. முடிவாகும் நாள்வரை வேர் விற்கும்.

அந்நாள்வரையேனும் எம்மாற் செய்யத் தக்கது யாது என்று எண்ணியதில், ஒரு சிறு வழி தோன்றியது. கண்ணாடித் தகட்டில் சிலிக்காத் தூளை மெல்லெனப் பூசி, ஓரத்திற் சத்தின் ஒரு துளியை வைத்து, டொலுயீனும் எதைல் அஸிடேட்டும் கலந்த கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறுந்தோறும் கலவையிலுள்ள பொருள்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். வானிலினும் கந்தகத் திராவகமும் கலந்து தெளித்துச் சூடேற்றினால் அவை நிறம் பெறும். பக்கத்தில் தூய போர்ஸ்கோலின் துளியொன்றையும் வைத்திருந்தால், எந்தப் பொட்டு நமக்கு வேண்டியது என்பதும், அது பெரிதா சிறிதா என்பதும் கண்ணுக்கே தெரியும். துல்லியமான அளவு இதனாற் கிடைக்காது. அதற்கு உயர் அழுத்தத் திரவப் பகுப்புக் கருவி வேண்டும். ஆயினும் இரண்டு மூட்டைகளில் எது மேல் என்று சொல்ல இது போதும். செலவும் சில ரூபாய்களே.

புஞ்சைக்கு உரியவரிடம் இதனைத் தெரிவித்தோம். அவர் ஒரே பாத்தியின் கிழங்கை இரண்டு கூறாக்கி, ஒன்றைத் தடித்த துண்டாகக் களத்து வெயிலிலும், மற்றொன்றை மெல்லிதாகச் சீவி ஓட்டுக் கொட்டகையின் கீழ்க் காற்றிலும் உலர்த்தி, ‘வெயில்’, ‘கொட்டகை’ என்று பெயரெழுதி இரண்டு பொட்டலமாக அனுப்பினார். கொட்டகைப் பொட்டலத்தின் பொட்டு மற்றதைவிடத் தெளிவாகப் பெரிதாயிருந்தது. ஒரே சோதனையை வைத்து முடிவு கூறலாகாதென்று ஆசிரியர் சொன்னபடி, மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்றிலும் அவ்வாறே. தகட்டைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பித் தொலைபேசியில் விவரம் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு, “அப்படியானால் கிலோவுக்கு எவ்வளவு கூடக் கேட்கலாம்?” என்றார். ஆசிரியரைப் பார்த்தோம், ஆசிரியர் தகட்டைப் பார்த்தார்.